தண்ணீருக்குள் நீந்தும் ரிமோட் சுறா: வாலை எதைக்கொண்டு ஆட்டுவது?

“தண்ணீருக்கு அடியில் நீந்துகிற சுறா ஒன்று செய்யப்போகிறேன். வாலுக்கு சர்வோ போடவா, மோட்டார் போடவா?” இந்த வருடம் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். (சர்வோ என்பது, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்.) ஒருவர் பொறியியல் மாணவர், கடைசி வருட புராஜெக்ட். இன்னொருவர் பத்து வயது மகளோடு சேர்ந்து கோடை விடுமுறையில் செய்ய நினைக்கிறார். மூன்றாமவர் ஏற்கெனவே ஒன்று செய்து, அது கிணற்றில் முங்கிப்போய், பாதாளக்கரண்டி போட்டுத் துழாவி எடுத்த பிறகு கேட்டார்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஐந்து வருடத்தில் மூன்று சுறா செய்திருக்கிறேன், மூன்றும் வெவ்வேறு வழி. நான்காவது வழியில் நண்பர் ஒருவர் செய்தபோது கூடவே இருந்தேன். எல்லாமே கிட்டத்தட்ட 90 செ.மீ. நீளம். எல்லாம் நீந்தியது எங்கள் ஊர்க் கிணற்றிலும், மழை பெய்து ஏரி நிறைந்த காலத்தில் அதன் கரையோரத்திலும்தான்.

உருவத்துக்கு நான் எடுத்துக்கொண்டது பால் சுறா. அதிகாலையில் மீன் சந்தைக்குப் போய், கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு, டேப் வைத்து அளந்தேன். தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் தோல் வழுவழு என்று போகிறது. திருப்பித் தடவினால் உப்புத்தாள். வாலின் மேல் மடல் நீளம், கீழ் மடல் குட்டை. முதுகை அழுத்திப் பார்த்தால் முன்பாதி கட்டையாக இருக்கிறது, பின்பாதி இரண்டு பக்கமும் லேசாக வளைகிறது. இந்தக் கடைசி விஷயம்தான் வாலுக்கு என்ன போடுவது என்ற கேள்விக்கு அடிப்படை. சுறா தலையை ஆட்டி நீந்துவதில்லை. பின்பாதியில் தொடங்கும் ஓர் அலை வால் நுனிவரை போய், தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. அந்த அலையை நாம் எப்படி உண்டாக்கப்போகிறோம் என்பதில்தான் நான்கு வழிகளும் பிரிகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

கடையில் பாகம் வாங்குமுன் இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர், எவ்வளவு ஆழம். இதுதான் முதல் கேள்வி, கீழே தனியாகவே பேசுகிறேன்.

தண்ணீர் உள்ளே வர எத்தனை வழி. பேட்டரியும் மின்பாகங்களும் இருக்கும் மூடிய பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு அச்சும் ஒரு வழி. சுறா கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான். எண்ணிக்கையைக் குறைக்கும் வழிக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

நீந்தும் அழகு. கரையில் நிற்கும் குழந்தை “ஐ, சுறா!” என்று கத்தவேண்டும். “அதோ ஒரு படகு” என்று சொன்னால் உழைப்பு வீண்.

திரும்புதல். நேராகப் போவது எளிது. கிணற்றுச் சுவருக்கு ஓரடி முன்னால் வளைந்து திரும்பவேண்டும்.

பேட்டரி. எவ்வளவு நேரம் ஓடும் என்பதோடு, ஒரே நொடியில் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதும் முக்கியம்.

கெட்டால் என்ன ஆகும். நடுத்தண்ணீரில் நின்றுபோனால் தானாக மேலே வருமா? வந்த பிறகு ஒரு மாலையில் சரிசெய்ய முடியுமா?

பணத்தைத் தனியாகப் பட்டியலில் சேர்க்கவில்லை. வாலுக்கான விலை வித்தியாசம் சில நூறிலிருந்து இரண்டாயிரம் ரூபாய்வரைதான். பெரிய செலவு ரேடியோ, பேட்டரி, அப்புறம் நனைந்துபோய் மறுபடி வாங்கும் பாகங்கள்.

## தண்ணீரும் ரேடியோவும்

ட்ரோனுக்கும் ரிமோட் காருக்கும் பயன்படும் ரிமோட்டுகள் இப்போது பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ். அந்த அலையைத் தண்ணீர் அப்படியே விழுங்கிவிடும். நல்ல தண்ணீரில்கூட ஒரு சாண் ஆழம் போனால் கதை முடிந்தது. கடையில் விற்கும் சுறா பொம்மைகள் ஏன் மேல்மட்டத்திலேயே சுற்றுகின்றன என்றால் இதுதான் காரணம்.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று மீட்டர்வரை தாக்குப்பிடிக்கும். மாடல் நீர்மூழ்கி செய்பவர்கள் பழைய ரேடியோக்களைத் தேடி வாங்கிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பது அதனால்தான். இந்தியாவில் 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டை (பொதுமக்களுக்கான அலைவரிசை) குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். வேறு நாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளவும்.

ஆனால் தண்ணீரில் உப்பு ஏற ஏற இந்த அலையும் சாகிறது. ஆழமான போர்வெல் தண்ணீர் நிரப்பிய தொட்டி, உப்பு போட்டு குளோரின் உண்டாக்கும் நீச்சல் குளம், இரண்டிலும் சிக்னல் எட்டும் ஆழம் பாதிக்கும் குறைவாகிவிடும். கடல் என்றால் பேச்சே இல்லை, 27 மெகாஹெர்ட்ஸ்கூட ஒரு சாண் இரண்டு சாணுக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவின் எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள், தாங்கள் 2018-ல் அறிவித்த சோஃபி என்ற ரோபோ மீனை ஃபிஜி தீவின் பவளப்பாறையில் 15 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் நீந்தவிட்டார்கள். அதற்குக் கட்டளை போனது ரேடியோவில் இல்லை, ஒலியில். முங்குநீச்சல் வீரர் ஒருவர் கூடவே போய், தண்ணீர் புகாதபடி மாற்றிய வீடியோ கேம் கன்ட்ரோலர் ஒன்றிலிருந்து ஒலி அனுப்பினார்.

நமக்கு நடைமுறையில் மூன்று தேர்வுகள் உண்டு.

கடலிலோ உப்புத் தண்ணீரிலோ விடுவதாக இருந்தால் மிதவை. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரைச் சின்ன மருந்து பாட்டிலில் அடைத்து மேலே மிதக்கவிட்டு, அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்கு மெல்லிய கம்பியைக் கீழே சுறாவுக்கு இழுங்கள். இப்போதைய 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரிமோட்டே போதும், ஆழமும் கம்பியின் நீளம்தான். குறை என்னவென்றால் பாசியும் தாமரைக்கொடியும் கம்பியில் சிக்கும், பார்ப்பவர் கண் பாட்டிலுக்குப் போகும். ஆனாலும் சுறா முங்கினால் இழுத்தெடுக்கக் கயிறு ஒன்று கையில் இருக்கிறது! முதல் சுறாவுக்கு இதையே சொல்வேன்.

கிணறு, ஏரி என்று நல்ல தண்ணீர் மட்டும்தான் என்றால் 27 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனா கம்பியின் வெட்டிய நுனியைக் கண்டிப்பாக எபாக்சி பசை வைத்து மூடுங்கள். நுனி தண்ணீரைத் தொட்டால் தூரம் சட்டென்று குறையும்.

கேமரா வைத்து ஆழத்தைப் பார்க்கவேண்டும் என்றால் நேரடியாகக் கரையிலிருந்து ஒயர். அது சுறா வேடம் போட்ட ஆர்.ஓ.வி.தான் (ஒயரில் இயக்கும் நீரடி வண்டி). கேமராதான் நோக்கம் என்றால் அதில் தப்பே இல்லை.

## வழி 1: ஒற்றை சர்வோ, வளையும் முதுகெலும்பு

என் முதல் சுறா இதுதான், இன்னும் ஓடுகிறது.

பெட்டிக்குள் ஒரு சர்வோ. அதன் கை ஒரு வளையும் பட்டையை இடம் வலமாக ஆட்டும். பட்டை சுறாவின் பின்பாதி முழுக்க ஓடி வால் துடுப்பில் முடிகிறது. பாலிகார்பனேட் தகடு நன்றாக இருக்கும். ஆரம்பத்தில் நான் போட்டது கெட்டி பிளாஸ்டிக் ஃபைல் அட்டை. சர்வோ ஒரே இடத்தில்தான் வளைக்கிறது. மீதி வளைவைத் தண்ணீரின் எதிர்ப்பே தருகிறது: அடிப்பக்கம் திரும்பிவிட்ட பிறகும் நுனி கொஞ்சம் பின்தங்கி வரும். அந்தப் பின்தங்கல்தான் அலை.

பட்டையின் தடிமனில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒருநாள் அளந்தே பார்த்தேன். மீன் ஆனாலும் பறவை ஆனாலும், துடுப்போ சிறகோ ஆடும் அகலத்தை நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பதால் பெருக்கி, செல்லும் வேகத்தால் வகுத்தால், சிக்கனமாகப் போகும்போது 0.2-க்கும் 0.4-க்கும் நடுவில் விடை வருகிறது. ஸ்ட்ரௌஹால் எண் என்பார்கள். என் சுறாவின் வால் நுனி 16 செ.மீ. அகலம் ஆடியது, நொடிக்கு 1.2 முறை. கிணற்றில் 5 மீட்டர் கடக்க 14 நொடி எடுத்தது. கணக்குப் போட்டால் 0.54. அதாவது வால் தண்ணீரைப் பின்னால் தள்ளுவதைவிடப் பக்கவாட்டில் அலைக்கழிப்பதுதான் அதிகம். 2 மி.மீ. பட்டையைக் கழற்றிவிட்டு, நுனிப்பக்கம் குறுகிக்கொண்டே போகும்படி வெட்டிய 1 மி.மீ. பட்டையைப் போட்டேன். அதே சர்வோ, அதே பேட்டரி. 5 மீட்டருக்கு 11 நொடி! எண் 0.42-க்கு வந்தது. பத்து ரூபாய் பிளாஸ்டிக்கில் கிடைத்த வேகம் அது. சக்தி கூடிய சர்வோ வாங்கத் துடிப்பவர்கள் முதலில் பட்டையை மாற்றிப் பாருங்கள்.

திரும்புவது இதில் சுலபம். சின்ன ஆர்டுயினோ ஒன்று (நிரல் ஏற்றி இயக்கும் கட்டுப்பாட்டு அட்டை) ரிமோட்டின் கட்டளையை வாங்கி, சர்வோவுக்கு சைன் அலையாக, அதாவது மெல்ல ஏறி மெல்ல இறங்கும் கட்டளையாக, அனுப்புகிறது. ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் ஆட்டத்தின் நடுப்புள்ளியே இருபது டிகிரி நகர்ந்துவிடும். வேகம், அகலம், திருப்பம் மூன்றும் மென்பொருளிலேயே வந்துவிடுவதால் இவற்றுக்கென்று கூடுதல் அச்சு எதுவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சைன் அலைக்குப் பதில் “இடது, வலது, இடது” என்று வெடுக்கென மாற்றினால் பற்சக்கரம் சீக்கிரம் போகும், தலையும் வெட்டி வெட்டி ஆடும்.

மறைந்திருக்கும் செலவு மின்சாரத்தில் இருக்கிறது. எம்ஜி996ஆர் மாதிரி சாதாரண சர்வோ மாட்டிக்கொண்டால் 2.5 ஆம்பியர்வரை இழுக்கும். அந்த நொடியில் மின்னழுத்தம் விழுந்து ஆர்டுயினோ ரீசெட் ஆகும். கரையிலிருந்து பார்த்தால் சுறா ஒரு கணம் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். சர்வோவுக்கு மின்னழுத்தம் விழாமல் 3 ஆம்பியருக்கு மேல் தரும் தனி ரெகுலேட்டரும், 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டதும் நின்றது. இன்னொன்று தேய்மானம். நொடிக்கு ஒன்றரை ஆட்டம் என்றால் இருபது நிமிடத்தில் 1800 ஆட்டம். சர்வோவை யாரும் இப்படி ஓயாமல் ஆட்டுவதற்காகச் செய்வதில்லை. வருடத்துக்கு ஒன்று மாற்றவேண்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வாட்டர்ப்ரூஃப்” என்று அச்சடித்த சர்வோவை நம்பி வெளியே பொருத்தலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்தச் சொல் பெரும்பாலும் மழைச் சாரலையும் சேற்றையும் தாங்கும் என்ற பொருளில் வருகிறது. நான் வாங்கிய ஒன்று ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நான்காவது நாளில் நின்றது. திறந்தால் உள்ளே ஒரு தேக்கரண்டி தண்ணீர். வெளியே வைத்தே ஆகவேண்டும் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை சர்வோவுக்குள் நிரப்பி மூடுங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் நுழைய இடமில்லை. வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது சர்வோவைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது. வாலுக்குப் போகும் கம்பி முன்னும் பின்னுமாகத்தான் நகர்கிறது, சுழல்வதில்லை. ஆகவே ரப்பர் உறை ஒன்றை ஒரு முனையில் பெட்டியோடும், மறுமுனையில் கம்பியோடும் கட்டிவிடலாம். உரசும் இடமே இல்லை, கசிவும் இல்லை. நைட்ரைல் கையுறையின் விரலை இரண்டு அடுக்காகப் போட்டு நூலால் இறுக்கிக் கட்டுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை புது விரல்.

இது யாருக்கு: முதல் சுறா செய்பவருக்கு, கிணறு, குளம் என்று சின்ன இடத்தில் விடுபவருக்கு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்வதற்கு.

## வழி 2: கியர் மோட்டாரும் கிராங்க்கும்

நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது சுற்று சுற்றும் கியர் மோட்டார். அதன் தட்டில் நடுவிலிருந்து விலகி ஓர் ஆணி, ஆணியில் மாட்டிய கம்பி வாலை ஆட்டுகிறது. இதுதான் கிராங்க். தையல் மிஷின் மிதிக்கும்போது சக்கரம் சுற்றுகிறதே, அதன் தலைகீழ்.

மோட்டார் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சர்வோ ஒவ்வொரு ஆட்டத்திலும் நின்று, திரும்பி, மறுபடி ஓடவேண்டும். இதற்கு அந்தப் பாடு இல்லை. என் இரண்டாவது சுறாவில் அதே பேட்டரி இரண்டு மடங்குக்கும் மேலாக வந்தது. உலோகப் பற்சக்கரம் கொண்ட ஜான்சன் மோட்டார் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, தேய்மானம் தெரியவில்லை. வாலடியும் பலமானது. ஏரியில் லேசான காற்றலைக்கு எதிராக இதுதான் போனது, முதல் சுறா நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. முன்பின் அசைவு என்பதால் கையுறை விரல் இதற்கும் ஒத்துவரும்.

ஆனால் இந்த வழி எதைப் பறித்துக்கொள்கிறது என்பது தண்ணீரில் விட்ட பிறகுதான் தெரிந்தது. ஆட்டத்தின் அகலம் ஆணி இருக்கும் இடத்தோடு முடிவாகிவிடுகிறது. மாற்றவேண்டுமானால் சுறாவைத் திறக்கவேண்டும். நடுப்புள்ளியையும் நகர்த்த முடியாது. அதனால் திரும்ப வேறு ஏற்பாடு தேவை. நான் இரண்டு மார்புத் துடுப்புக்கும் தனித்தனி சர்வோ வைத்தேன். வேகமாகப் போகும்போது நன்றாகத் திரும்பியது. மெதுவாகப் போகும்போது துடுப்பைத் திருப்பினாலும் பிடிப்பில்லை. மோட்டாரை நிறுத்தினால் வால் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்லவும் முடியாது. ஒருபக்கம் வளைந்தபடி நின்றால் சுறா வட்டமடித்துக்கொண்டே போய்ச் சுவரில் முட்டும். தட்டில் ஒரு சின்னக் காந்தமும் பக்கத்தில் அது வருவதை உணரும் ஹால் சென்சாரும் வைத்து, நடுவுக்கு வந்ததும் மோட்டார் நிற்கும்படி செய்யவேண்டி வந்தது.

மோட்டார் ஐந்நூறு ரூபாய்தான். இந்தக் கூடுதல் வேலைகளைச் சேர்த்தால் முதல் வழியைவிட இரண்டு கசிவு வழிகளும் மூன்று வார மாலைகளும் அதிகம்.

இது யாருக்கு: ஏரி, பெரிய குளம் என்று திறந்த இடம் உள்ளவருக்கு, மணிக்கணக்கில் ஓடவேண்டும் என்பவருக்கு, கண்காட்சித் தொட்டியில் நாள் முழுக்கச் சுற்றவிடுபவருக்கு.

## வழி 3: மூன்று நான்கு சர்வோ கோத்த முதுகெலும்பு

மூன்று சர்வோ, ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்று வளைந்து சற்று நேரம் கழித்து அடுத்தது, அதற்கும் பின்னால் அடுத்தது. அலையைத் தண்ணீரிடம் விடாமல் நாமே எழுதுகிறோம். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகம் 2005-ல் லண்டன் மீன் காட்சியகத்தில் நீந்தவிட்ட ரோபோ மீன்கள் வாலைப் பல மூட்டுகளாக வளைத்து நிஜ மீன்போல் திரும்பியவை.

அழகில் இதற்கு ஈடு கிடையாது. என் மூன்றாவது சுறா முதல்முறை நேராக இறங்கி, உடம்பை ‘C’ போல வளைத்து இருந்த இடத்திலேயே திரும்பியபோது, கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்த பையன்கள் காலை வெடுக்கென்று மேலே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு நொடிக்காக ஏழு மாதம் போட்டது வீணில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் விலையைச் சொல்லியாகவேண்டும். பெட்டி வளையாது. ஆகவே சர்வோக்கள் வெளியே, தண்ணீரில்தான் இருக்கவேண்டும். மூன்றையும் எண்ணெய் நிரப்பவேண்டும். முதல் சர்வோ தன் பின்னால் உள்ள இரண்டையும் சேர்த்து ஆட்டுவதால் அதற்கு 20 கிலோ வகை (ஒரு செ.மீ. நீளக் கையின் நுனியில் 20 கிலோ இழுக்கும் திறன்) வேண்டும். மூன்றும் ஒன்றாக மாட்டிக்கொண்டால் இழுக்கும் கரண்டுக்கு ஏற்றபடி பேட்டரி, ஒயர் எல்லாம் பெரிதாகும். பின்பாதி கனப்பதால் முன்னால் கூடுதல் ஈயம், அதைத் தூக்கக் கூடுதல் மிதப்பு என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே போகும். ஒரு சர்வோ நின்றால் வால் முழுவதும் கோணலாகி, சுறா வீடு திரும்பாது.

இது யாருக்கு: ஏற்கெனவே ஒன்று செய்து நீந்தவிட்டவருக்கு. கட்டுப்பாட்டு முறையைப் படிக்கவே செய்யும் மாணவருக்கும் பொருந்தும், ஆனால் ஒரு பருவத்துக்குள் முடிக்கவேண்டும் என்றால் வேண்டாம்.

## வழி 4: வயிற்றில் ஒளிந்த புரொப்பல்லர்

படகில் தண்ணீர் இறைக்கும் பில்ஜ் பம்பின் மோட்டார் ஏற்கெனவே தண்ணீர் புகாதபடி வருகிறது. விசிறியைக் கழற்றிவிட்டு புரொப்பல்லர் மாட்டி, வயிற்றுக்கடியில் குழாய்க்குள் பொருத்தலாம். வால் சும்மா தளர்வாக ஆடும்.

வேகம், நேர்க்கோடு, பின்னால் வரும் வசதி மூன்றும் இதில்தான் கிடைக்கும். வாலால் நீந்தும் எந்தச் சுறாவும் ரிவர்ஸ் வராது. மூலையில் மாட்டினால் மாட்டியதுதான். நண்பரின் சுறா கேமராவைச் சுமந்துகொண்டு குளத்தின் அடியைப் படம் எடுத்தது. தலை ஆடாததால் படமும் ஆடவில்லை.

ஆனால் பார்க்க அது நீந்தவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. பாசி சுற்றும். பிள்ளைகள் குளிக்கும் இடத்தில் விடவே கூடாது. குழாய் மூடியிருந்தாலும் விரல் போகும். என்னைக் கேட்டால் கேமராவுக்காக மட்டும் இதை எடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஒற்றை சர்வோ | கிராங்க் | பல சர்வோ | புரொப்பல்லர் |
|---|---|---|---|---|
| நீந்தும் அழகு | நன்று | நன்று, எப்போதும் ஒரே மாதிரி | மிக நன்று | சுமார் |
| திரும்புதல் | சுலபம் | வேகத்தில் மட்டும் | இருந்த இடத்திலேயே | சுக்கான் வேண்டும் |
| பின்னால் வருமா | வராது | வராது | வராது | வரும் |
| கசிவு வழிகள் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| பேட்டரி | நடுத்தரம் | சிக்கனம் | அதிகம் இழுக்கும் | வேகத்தைப் பொறுத்து |
| தேய்மானம் | வருடம் ஒரு சர்வோ | மிகக் குறைவு | அடிக்கடி | குறைவு |
| செய்து முடிக்க ஆன காலம் | ஒரு மாதம் | இரண்டு மாதம் | ஏழு மாதம் | மூன்று வாரம் |

## எதை எடுத்தாலும் கூடவே வரும் செலவு

முதலில் எடை. சுறா உடம்பு முழுவதையும் காற்றுப் புகாமல் மூடினால் 90 செ.மீ. சுறா மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரை ஒதுக்கும். அதை முக்கவே மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும். உடம்பைத் தண்ணீர் புகும்படி விட்டு, உள்ளே 75 மி.மீ. பிவிசி குழாயில் 30 செ.மீ. மட்டும் மூடிய பெட்டியாக வைத்தால், அந்தப் பெட்டிக்கு 1.3 கிலோ போதும். பாதி எடை குழாயும் பாகங்களுமே தந்துவிடும்; மீதிக்குத் தூண்டில் ஈயக்குண்டு. ஈயம் அடிவயிற்றில், முன்பக்கம் இருக்கட்டும். முன்பக்கம் கனத்தால் வால் ஆடும்போது தலை எதிர்ப்பக்கம் ஆடுவதும் குறையும். உடம்பின் உச்சியில், முக்கியமாக முதுகுத் துடுப்பின் நுனியில், ஓட்டை போட மறக்காதீர்கள். அங்கே ஒரு காற்றுக்குமிழி தங்கினால் சுறா ஒருக்களித்துப் படுத்துவிடும்.

நிஜச் சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் கொஞ்சம் தாங்கும். இருந்தும் அது தண்ணீரைவிடச் சற்றுக் கனம், நீந்துவதை நிறுத்தினால் இறங்கும். நாம் செய்யும் சுறா நேர்மாறாக இருக்கவேண்டும். நிறுத்தினால் முதுகுத் துடுப்பின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும் அளவுக்கு, பத்துப் பதினைந்து கிராம் மிதப்பு. இறங்குவது மார்புத் துடுப்பைச் சாய்த்து, வேகத்தில். சிக்னல் போனால் வால் நிற்கும்படி நிரல் எழுதிவிடுங்கள், தானாக மேலே வந்துவிடும். கிணற்றில் எடை சரிசெய்த சுறாவை அப்படியே கடலுக்கு எடுத்துப்போகாதீர்கள். கடல்நீர் கனமானது, இரண்டு லிட்டர் இடம் பிடிக்கும் உடம்புக்கு ஐம்பது கிராம் மிதப்பு கூடிவிடும், சுறா முங்கவே மாட்டேன் என்னும்.

அடுத்தது ஒயர். என் முதல் சுறாவின் பெட்டியில் தினமும் சில சொட்டுத் தண்ணீர். மூடியின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) மாற்றினேன், கிரீஸ் தடவினேன், குழாயையே மாற்றினேன். சொட்டு நிற்கவில்லை. கடைசியில் ஒரு ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது, வெளியே போகும் ஒயரின் உள்முனையில், செம்பு இழைகளுக்கு நடுவில் முத்துப்போல ஒரு துளி நின்றது. வெளியே எங்கோ ஒயரின் தோலில் கீறல். தண்ணீர் தோலுக்கும் செம்புக்கும் நடுவில் திரிபோல ஏறி உள்ளே வந்திருக்கிறது. பெட்டிச் சுவரைத் தாண்டும் இடத்தில் ஒரு செ.மீ. தோலை உரித்து, இழைகளுக்குள் ஈயப்பற்று இறங்கும்படி சால்டர் செய்து, அந்த இடத்தை அரால்டைட்டில் புதைத்தேன். அன்றோடு சரி.

மூடியைச் சோதிக்கத் தண்ணீரில் முக்கவேண்டியதில்லை. பெட்டியில் ஒரு சின்னக் குழாயும் அடைப்பானும் வைத்து, 60 மி.லி. சிரிஞ்சால் காற்றை இழுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி இருங்கள். விட்டதும் அது உள்ளே திரும்பினால் பெட்டி நல்லது. வெளியே இழுத்த இடத்திலேயே நின்றால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது. இரண்டு மீட்டர் ஆழத்தில் 75 மி.மீ. மூடியின்மேல் கிட்டத்தட்ட ஒன்பது கிலோ அழுத்தம் உட்காரும். சாப்பாட்டு டப்பாவை நம்பி இறங்காதீர்கள்.

லித்தியம் பேட்டரியைப் பெட்டிக்குள் மூடிவைத்துச் சார்ஜ் போடவே கூடாது. நனைந்த பேட்டரியைத் துடைத்து மறுபடி பயன்படுத்தவும் கூடாது. அது வாயு விட்டால் மூடிய குழாய் வெடிகுண்டு மாதிரி. பிள்ளைகளோடு செய்பவர்கள் இதை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

## கேட்ட மூவருக்கும்

மகளோடு செய்பவருக்கு: ஒற்றை சர்வோ, மருந்து பாட்டில் மிதவை. பட்டையை வெட்டி வெட்டி மாற்றும் வேலையை மகளிடம் கொடுங்கள், நேரம் குறிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழம் ஒரு மீட்டரோடு நிற்கட்டும்.

மாணவருக்கு: மூன்று சர்வோ ஆசை புரிகிறது. ஒற்றை சர்வோவில் தொடங்கி, பட்டையின் தடிமனையும் ஆட்டத்தின் வேகத்தையும் மாற்றி மாற்றி அந்த ஸ்ட்ரௌஹால் எண்ணை அட்டவணை போடுங்கள். அதுவே நல்ல ஆய்வு, பருவமும் தாண்டாது. நேரம் மிஞ்சினால் இரண்டாவது மூட்டு.

கிணற்றில் தொலைத்து மீட்டவருக்கு: உங்கள் கியர் மோட்டார் நல்லதுதான், மாற்றவேண்டாம். எடையில் இருபது கிராம் ஈயத்தைக் குறையுங்கள், சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி செய்யுங்கள், ஹால் சென்சாரைச் சேருங்கள். முதுகுத் துடுப்பின் அடியில் எஃகுக் கம்பியில் ஒரு வளையம் வைத்துவிடுங்கள், உள்சட்டத்தோடு சேர்த்து. அடுத்தமுறை பாதாளக்கரண்டியின் கொக்கிக்குச் சட்டென்று மாட்ட ஓர் இடம் இருக்கும்.